மானிங் திரும்பி வந்த ஆட்டம்

2012ல் அமெரிக்கக் கால்பந்து குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பெய்டன் மானிங் டென்வர் பிராங்கோஸ் அணிக்கு வந்தபோது எனக்குப் பயம்தான். கழுத்தில் பல அறுவை சிகிச்சைகள்; முந்தைய சீசன் முழுக்க ஆடவில்லை. ஆனால் 2013ல் 55 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளி தரும் எறிதல்)! அப்புறம் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் சியாட்டிலிடம் 43-8 தோல்வி. அதை விடுங்கள்.

எனக்கு நெருக்கமானது 2015தான். பந்தில் பழைய வேகம் இல்லை. 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). நவம்பரில், முன்னாள் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரின் மொத்த பாஸிங் யார்டு (பாஸ்களால் கடந்த தூரம்) சாதனையைத் தாண்டிய அதே ஆட்டத்தில் அவரை வெளியே உட்கார வைத்தார்கள்.

2016 ஜனவரி 3, சான் டியாகோவுடன் ஆட்டம். மூன்றாம் கால்பகுதியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். பிரமாதமான பாஸ் எதுவும் தேவைப்படவில்லை. எதிரணி நிற்பதைப் படித்து, கைகாட்டி, ஓடுகிறவரிடம் பந்தைக் கொடுத்தார். 27-20 வெற்றி. அடுத்த மாதம் சூப்பர் பவுலில் கரோலினாவை 24-10 என்று வென்றபோது அவருக்கு வயது 39.