ஆர்ச்சர் சி7 பிழைத்தது: நடுவில் ஒரு சுவிட்ச் வைத்ததால்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் டிபி-லிங்க் ரவுட்டர், ஆர்ச்சர் சி7 வி5, எழுந்துவிட்டது. நான்கு நாளாக மேசைமேல் செத்துக் கிடந்த பெட்டி. லூசி என்ற அதன் அமைப்புப் பக்கம் பிரவுசரில் திறந்தபோது வந்த சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ரவுட்டருக்கான திறமூல மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியை 23.05-லிருந்து 24.10-க்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அது ஃபிளாஷில், அதாவது மென்பொருள் குடியிருக்கும் சிப்பில், எழுதும் நேரத்தில் கரண்ட் போனது. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. ரவுட்டரை முதலில் கிளப்பும் சின்ன நிரலான பூட்லோடர் தனிப் பகுதியில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக மீட்டுவிடலாம் என்று தைரியமாகத்தான் இருந்தேன்.

கணினிக்கு 192.168.0.66 என்ற ஐபி முகவரி, ஃபேக்டரி இமேஜுக்கு (ஏற்ற வேண்டிய மென்பொருள் கோப்புக்கு) பூட்லோடர் தேடும் ரெக்கவரி பெயர், ரீசெட்டை அழுத்தியபடி பவர் ஆன். வழக்கமான முறைதான். முப்பது தடவையாவது செய்திருப்பேன். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வரை சரிபார்த்தேன். டிஎஃப்டிபி சர்வரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஒன்றும் அசையவில்லை.

மூன்றாம் நாள்தான், கேபிளில் என்ன போகிறது, வருகிறது என்று காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ரவுட்டரிடமிருந்து ஒரு பாக்கெட்கூட வரவில்லை. அப்படியென்றால் கோளாறு சர்வரில் இல்லை, அதற்கு முன்னால்.

நடந்தது இதுதான். கேபிளை ரவுட்டரிலிருந்து நேராகக் கணினிக்குச் செருகியிருந்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டால் கணினி பக்கம் லிங்க் விழுந்து, மறுபடி எழும். கிகாபிட் வேகத்தைப் பேசி முடிக்கவே ஓரிரு நொடி. அதற்குப் பிறகுதான் கணினியின் நெட்வொர்க் மேனேஜர் ஐபியைத் திரும்பப் போடும். பூட்லோடர் அதுவரை காத்திருக்காது. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டு, பாதி எழுதிய கர்னலை (மென்பொருளின் மையப் பகுதியை) கிளப்பப் போய்விடும்.

நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை வைத்தேன். இப்போது ரவுட்டர் அணைந்தாலும் கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவே லிங்க் விழாது, ஐபி அப்படியே இருக்கும். ரீசெட்டை அழுத்தி பவர் போட்டேன். திரையில் உடனே "192.168.0.66 யார்?" என்ற கேள்வி. அடுத்து கோப்பின் பெயர். கைதட்டிவிட்டேன். ஆனால் பதில் போகவில்லை. டிஎஃப்டிபி வரும் வாசலான யுடிபி 69-ஐக் கணினியின் ஃபயர்வால் அடைத்து வைத்திருந்தது. அதையும் திறந்த பிறகு கோப்பு மளமளவென்று போய்விட்டது. எழுதி முடியும்வரை யாரையும் அந்த பிளக் பக்கம் விடவில்லை. இந்த முறை இன்வெர்ட்டர் லைன்.

ஒரு விஷயம். முடிந்ததும் ரவுட்டர் 192.168.1.1-இல் எழும், கணினி இன்னும் 192.168.0.66-இலேயே நிற்கும், அதனால் பக்கம் திறக்காது. வைஃபையும் அணைந்த நிலையில்தான் வரும். இதைப் பார்த்துப் பயந்து மறுபடி ரீசெட் அழுத்தாதீர்கள்.

லைன் நெரிசலைச் சமாளிக்கும் எஸ்க்யூஎம்மை இன்னும் போடவில்லை. வீட்டு லைன் 100 எம்பிபிஎஸ். அதிலுள்ள கேக் என்ற வரிசைப்படுத்தும் முறையை வைத்து வேகத்தை 90-இல் நிறுத்தப் போகிறேன். முன்பு இதே பெட்டியில் அப்படித்தான் வைத்திருந்தேன். மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது நான் பெரிய கோப்பு இறக்கினாலும் அவள் வீடியோ உறையாது. அந்த நிம்மதிக்காகத்தான் இத்தனை பாடும்.

அதற்குள் மனம் என் இன்னொரு பழைய டிபி-லிங்க் ரவுட்டர், 841என் வி9 பக்கம் ஓடுகிறது. 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம். புதிய வெளியீடுகள் அதில் ஏறாது. 16 எம்பி சிப் மாற்றி, ராமையும் 64 ஆக்க ஆசை. ராம் சிப்புக்குப் பழைய டிடிஆர்1 மெமரி குச்சி ஒன்று அலமாரியில் இருக்கிறது. ஃபிளாஷைப் படிக்க ஆன்லைனில் ஒரு கருப்பு சிஹெச்341ஏ, சிப்பைப் படித்து எழுதும் யுஎஸ்பி கருவி, வாங்கினேன். விற்றவர் 3.3 வோல்ட் என்றுதான் போட்டிருந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் டேட்டா கால்களில் 5 வோல்ட்! இதை இப்படியே சிப்பில் மாட்ட மாட்டேன். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் லெவல் கன்வர்ட்டரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டேன், "அண்ணே, லெவல் கன்வர்ட்டர் அடுத்த வாரம் வரும்" என்றார் கடைத் தம்பி.

அது வந்ததும் முதல் வேலை, பழைய சிப்பை முழுசாகப் படித்து இரண்டு இடத்தில் சேமிப்பது. ஆர்ட் என்ற கடைசி 64 கேபி பகுதியில்தான் அந்தப் பெட்டிக்கே உரிய வைஃபை அளவீடுகள் இருக்கின்றன. அது போனால் இணையத்தில் எங்கும் கிடைக்காது. புதிய சிப்பிலும் அதைக் கடைசி 64 கேபிக்கு நகர்த்தி எழுத வேண்டும்.