ராத்திரிச் சோறும் நாங்கள் ஐந்து பேரும்

நவம்பர் 20, வியாழன்

மகள் தக்கலையில் டியூஷன் முடிந்து வீடு வர எட்டரை ஆகிறது. மழை இல்லாத நாளில் என் வீட்டுக்காரருக்கு விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டு, அதனால் எட்டுக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பிள்ளைகளின் தாத்தா, எங்கள் பாட்டாவுக்கு ஏழு மணிக்குக் கஞ்சியும் பயறும். சின்னவன் டிவி முன்னால். ஒரே அடுப்பு, நாலு பந்தி. இன்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: எட்டே முக்காலுக்கு ஒன்றாக உட்கார வேண்டும், போன் எல்லாம் பிரிட்ஜ் மேலே.

நவம்பர் 23, ஞாயிறு

மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் கறி. மகள் "எனக்கு வேண்டாம், வெயிட் போடுது" என்றாள். பக்கத்தில் இருந்ததால்தான் காதில் விழுந்தது. எத்தனை நாளாக இப்படிக் குறைத்துச் சாப்பிடுகிறாளோ!

2011-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று வேளையாவது வீட்டாரோடு சாப்பிடும் பிள்ளைகளிடம், பட்டினி கிடந்து மெலிவது போன்ற கெட்ட பழக்கங்களுக்கான வாய்ப்பு 35 சதவீதம் குறைவு. நல்ல சாப்பாடு சாப்பிடும் வாய்ப்பு 24 சதவீதம் கூடுதல். ஒன்றாகச் சாப்பிடுவது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் தட்டைப் பார்க்க ஆள் இருப்பது சின்ன விஷயமா?

கடைசியில் ரெண்டு துண்டு மரச்சீனி தின்றாள்.

நவம்பர் 26, புதன்

பாட்டா மார்க் பேச்சை எடுத்தார். சின்னவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். சாப்பிடும்போது இனி மார்க் பேச்சு கிடையாது.

நவம்பர் 30, ஞாயிறு

ஒக்கிப் புயல் அடித்து இன்றோடு எட்டு வருஷம். 2017-ல் சின்னவனுக்கு மூணு வயசு.

"நான் அப்ப எங்க இருந்தேன் பாட்டா?"

"எம் மடியிலதான் மக்ளே. காத்து சத்தத்துல நீ ஒறங்கவே இல்ல."

அதிகம் பேசாத வீட்டுக்காரரும் ஆரம்பித்தார். ரப்பர் மரங்கள் சரிந்து கிடந்த விளை, கரண்ட் இல்லாத ராத்திரிகள், மறுபடி கன்று வைத்துப் பால் எடுக்க ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமே என்ற கவலை. மகளுக்கே பாதி புதுசு. அப்புறம் பாட்டா 1956 நவம்பர் 1-க்குப் போய்விட்டார். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். தட்டில் கை காய்ந்தும் யாரும் எழவில்லை.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டார்கள்: அப்பா அம்மா எங்கே வளர்ந்தார்கள், எப்படிச் சந்தித்தார்கள் என்பது போல. அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகம் இருந்தது. அந்தக் கதைகள் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிற இடங்களில் சாப்பாட்டு நேரமும் ஒன்று. டியூஷனில் இதை யார் சொல்லித் தருவார்கள்?

டிசம்பர் 3, புதன்

கோட்டாறு சவேரியார் திருவிழா, பள்ளி லீவு. பால்வெட்டு முடித்து அவர் வந்ததும் காலையில் புட்டும் கடலையும், ஐந்து பேரும்.

முட்டத்து அண்ணி போனில் சொன்னாள், அண்ணன் கடலுக்குப் போகும் நாளில் ராத்திரி ஒன்றாக உட்கார வழியில்லை என்று. காலைச் சாப்பாடும் கணக்குதான் என்றேன். குடும்பம் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வரும் ஹார்வர்டு உளவியலாளர் ஆன் ஃபிஷலும் அதைத்தான் சொல்கிறார்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் டியூஷன் சாரிடம், ஏழரைக்கே பிள்ளைகளை விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். இன்னும் ரெண்டு அம்மாமார் என்னோடு வருகிறார்கள்.