நான்கு கற்கள் உள்ளே, ஒன்று வெளியே

2009 ஆனி மாதம் நான் உளசமூகப் பணியாளராகச் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமுக்குப் போனபோது, இலங்கையின் வடக்கே வன்னியில் நடந்த இறுதிப் போரிலிருந்து வந்த ஏறத்தாழ 280,000 பேர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அங்கேதான் இருந்தனர். கதிர்காமர், இராமநாதன், அருணாசலம் எனத் தமிழ்ப் பிரமுகர்களின் பெயர் சூட்டப்பட்ட வலயங்களில், முள்ளுக்கம்பியைத் தாண்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

பயிற்சியில் சொல்லித்தந்த அறிகுறிகள் எல்லாம் அங்கே இருந்தன. பிள்ளைகள் இரவில் அலறி எழும்பினார்கள், பத்து வயதிலும் படுக்கையை நனைத்தார்கள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் கூடார வகுப்பு முழுவதும் நிலத்தில் குப்புறப் படுத்துவிடும். தானும் இடம்பெயர்ந்து வந்தவரான ஆசிரியையும் அவர்களோடு படுத்துவிடுவார். இவற்றை எவரும் கண்டுகொள்ளலாம். எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரு விளையாட்டு.

ஏழு வயதுப் பையன் ஒருவன் தன் கூடாரத்தின் பின்புறம் நாள்தோறும் சிரட்டையால் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டுவான். மேலே குச்சி அடுக்கி, தறப்பாள் துண்டு போட்டு, மண் அள்ளிக் கொட்டுவான். ஐந்து கற்களில் நான்கை உள்ளே வைத்து, ஒன்றை வெளியே விட்டு, அதன்மேல் ஒரு பிடி மண்ணை எறிவான். பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். முகத்தில் சிரிப்பும் இராது, அழுகையும் இராது. கூலிக்கு வேலை செய்பவனைப்போல இருப்பான்.

நான் அதை நிறுத்தப் பார்த்தேன். கலர்ப் பென்சில் கொடுத்து வரையச் சொன்னபோது, இரண்டு மலைகளுக்கு நடுவே சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை என்று உடனே வரைந்து தந்தான். வன்னியில் பிறந்த பிள்ளை மலையை எங்கே கண்டான்? பள்ளிக்கூடத்தில் பழக்கிய படத்தை எனக்காக வரைந்து கொடுத்துவிட்டு அவன் மறுபடியும் குழிக்குப் போனான். நானோ அந்தப் படத்தை அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட சிறுவர்களை ஆராய்ந்த லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர், இத்தகைய விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரண விளையாட்டு பிள்ளையின் மனப்பாரத்தைக் குறைக்கும். மனவடுவிலிருந்து வரும் விளையாட்டோ ஒரே முடிவை நோக்கியே திரும்பத் திரும்பப் போகும், ஆறுதல் தராது. அவன் பங்கர் வெட்டுவதில் பிழை இல்லை, அதன் முடிவு மாறாமல் இருப்பதே கவனிக்க வேண்டியது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

வெளியே நின்ற கல் அம்மம்மா என்பதைத் தாய் சொல்லித்தான் அறிந்தேன். முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் பங்கரை விட்டு வெளியே போனவர் எறிகணை விழுந்து இறந்திருந்தார். இதற்கிடையில் வேறொரு நிறுவனத்தார் படிவங்களோடு வந்து, பிணத்தைப் பார்த்தாயா, யாருடையது என்று பிள்ளைகளிடம் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிரவு அந்தக் கூடார வரிசையில் யாரும் தூங்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இலண்டன் சிறுவர்களுக்குக் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்காமும், குண்டு வீழ்ச்சியைவிடத் தாயைப் பிரிவதே சிறு பிள்ளைகளை அதிகம் குலைத்தது என்று கண்டார்கள். மெனிக்பாமில் பல தாய்மார் பக்கத்தில் இருந்தும் இல்லாதவர்களாக இருந்தார்கள். இந்தப் பையனின் தகப்பனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பொட்டை அழிப்பதா விடுவதா என்று தெரியாமல், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியின் வரிசையில் வாளியோடு நிற்பதையே நாளாக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், பிள்ளையோடு கதையுங்கள் என்று ஆலோசனை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவருக்காக வரிசையில் நின்றேன். என் பணிப் பட்டியலில் இல்லாத வேலை அது; ஆனால் நான் அங்கே செய்தவற்றில் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆவணி மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்தபின், பக்கத்துக் கூடாரத்துச் சிறுமி ஒருத்தி அந்தக் குழியருகே வந்து குந்தினாள்.

"இது ஏன் வெளியில நிக்குது?"

"தண்ணி அள்ளப் போனது."

அவன் அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் சற்று யோசித்து, சிரட்டை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குழியின் வாசலில் வைத்தாள். "பவுசர் இஞ்சயே வந்திட்டுது. இனிப் போகத் தேவையில்லை."

அன்று ஐந்து கற்களும் உள்ளே இருந்தன. மறுநாள் பழையபடி ஒன்று வெளியே. பிறகு சில நாள் உள்ளே, சில நாள் வெளியே.

மார்கழி (டிசம்பர்) முதலாம் திகதியிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. அந்தக் குடும்பமும் கிளிநொச்சிப் பக்கம் போக பஸ் ஏறியது. நான் பின்புறம் போய்ப் பார்த்தேன். குழி பாதி தூர்ந்திருந்தது, சிரட்டை கிடந்தது. கற்களைக் காணவில்லை.