பந்தை மட்டும் அமுக்கினால் போதாது

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டால் கை பழையபடி ஆகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். பிரித்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது.

மொட்டை மாடியில் மழைப்பாசி வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) முறிந்திருந்தது. விழும்போது கை தானாக முன்னே நீளுமல்லவா, அதனால் மிகச் சாதாரணமாக ஏற்படுகிற முறிவு இது என்றார் டாக்டர். எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் போல ஆனது. அதற்குள் முன்கைச் சதை வற்றி, தோல் செதில் செதிலாக உரிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "புத்தூர் கட்டு போட்டிருக்கலாமே" என்றார்கள். மீதிப் பேர் கையில் அமுக்கிப் பழகுகிற ஸ்மைலி பந்தோடு வந்தார்கள்.

பிசியோதெரபி செய்த பெண் அந்தப் பந்தைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லதுதான்க்கா. ஆனா இது விரலை மூடற சதைக்குத்தான். மணிக்கட்டைத் தூக்கி நிறுத்தற சதை புறங்கைப் பக்கம் இருக்கு, அதையும் பார்க்கணும்" என்றாள். மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடியே நிற்காது. விரல்களை இழுக்கிற பெரிய தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன. மணிக்கட்டு தளர்ந்தால் பிடியும் தளர்ந்துவிடும்.

முதலில் எடையே கிடையாது, அசைவு மட்டும்தான். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்திருந்து, அப்புறம் மேலே, கீழே, பக்கவாட்டில் அசைக்க வேண்டும். நெஞ்சுக்கு நேரே கும்பிட்டு, உள்ளங்கைகள் பிரியாமல் கைகளை மெல்லக் கீழே இறக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், உயிர் போகும்.

ஆனால் என்னை அதிகம் படுத்தியது உள்ளங்கையை மேலே திருப்புவதுதான். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் குருக்கள் விபூதி நீட்டும்போது கை பாதிதான் திரும்பும். விபூதி சரிந்துவிடாமல் இருக்க உடம்பையே ஒருபக்கம் சாய்த்து வாங்குவேன். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்கும் இதே கதைதான். முழங்கையை நகர்த்தித் தோளால் சமாளித்துவிடுகிறோம், அதனால் குறை இருப்பதே தெரிவதில்லை. முழங்கையை இடுப்போடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி வைத்துத் திருப்பினால்தான் உண்மை தெரியும்.

இதற்கு அவள் சொன்னது வீட்டுச் சுத்தியல். முதலில் இரும்புத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, உள்ளங்கையை மெதுவாக மேலும் கீழும் திருப்பினேன். பழகப் பழகப் பிடியைக் காம்பின் நுனிக்கு நகர்த்தினேன். சுத்தியல் அதேதான், ஆனால் தலை தள்ளிப்போகப் போகக் கனம் கூடும். ஆணி அடிக்கச் சுத்தியல் வேண்டுமென்றால் வீட்டுக்காரர் என்னைத்தான் கேட்பார்.

டாக்டர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எடை. முன்கையை மேஜைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மட்டும் தூக்குவது. தூக்குவதைவிட இறக்குவது மெதுவாக இருக்க வேண்டும், சதைக்கு அங்கேதான் நல்ல வேலை. விரல் நுனிகளைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டி விரிப்பது பந்துக்கு நேர் எதிர்ப் பயிற்சி. ஈரத்துண்டைப் பிழிவதில் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். என்னைக் கேட்டால், துணி துவைக்கிற வீட்டில் இதற்கென்று தனியாகக் கருவி வாங்குவது தண்டம்.

வலிக்கு அவள் சொன்ன கணக்கு எனக்கு உதவியது. செய்யும்போது இழுத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. மறுநாளும் வீங்கியிருந்தால் குறைக்க வேண்டும். விரல் மரத்துப்போனாலோ, கை சிவந்து எரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது ஸ்கூட்டர் பிரேக் நன்றாகப் பிடிபடுகிறது, தேங்காயும் துருவுகிறேன். உள்ளங்கையை ஊன்றித் தரையிலிருந்து எழும்போது மட்டும் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்கிறது. அந்த வலி போவதற்கு இன்னும் சில மாதங்கள் பிடிக்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரை இடது கையை ஊன்றித்தான் எழுகிறேன்.