மூக்கில் தட்டிய கப்ளிங்

டிராக்டரின் டிரெய்லரைக் கழற்றி வெயிலில் நிறுத்திவிட்டு, மதியம் ஹோஸை மறுபடி மாட்டிப் பாருங்கள். ஹோஸ் முனையில் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பான குயிக் கப்ளிங் உள்ளே போகாது. ஹோஸில் அடைபட்ட ஆயில் சூட்டில் விரிந்து, கப்ளிங்கின் வாயை மூடும் வால்வான பாப்பெட்டை உள்ளிருந்து நெருக்கிப் பிடித்திருக்கும். நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாட்களில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: பாப்பெட்டின் மூக்கில் கட்டையை வைத்து ஒரு தட்டு. சட்டையெல்லாம் ஆயில் பீச்சும்.

பின்னாளில் காப்புரிமை ஏஜென்டாகி, இன்னொருவர் கேட்ட காப்புரிமையைத் தரக்கூடாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவில் ஒரு எதிர்ப்பு மனு தயாரிக்க உட்கார்ந்தால், எதிரே அதே கப்ளிங். பாப்பெட்டின் நடுவே 2 மி.மீ. ஊசி வால்வு. மாட்டும்போது அது முதலில் திறந்து, அழுத்தத்தை எதிர்ப்பக்க லைன் வழியே டேங்குக்கு அனுப்பிவிடும். படத்தைப் பார்த்த கையோடு எழுதினேன்: முன்பே வெளியான ஆவணங்களில் டி1-இல் கப்ளிங் இருக்கிறது, டி2-இல் அழுத்தத்தை வெளியேற்றும் பிளீடர் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் ஆயிற்று, ஆப்வியஸ், துறை அறிந்த எவருக்கும் எளிதில் தோன்றுவது.

சீனியர் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நீ எத்தனை வருஷம் தட்டினே?"

"ஆறு சார்."

"உனக்கு ஏன் தோணல?"

பதில் இல்லை. கணக்குப் போட்டேன். 200 பார் அழுத்தத்தில் 12 மி.மீ. பாப்பெட்டைத் தள்ள சுமார் 230 கிலோ வேண்டும். ஊசிக்கு ஆறரை கிலோகூட வேண்டாம், கட்டைவிரலே போதும். டி2-இன் பிளீடரோ ஸ்பேனரால் திருகி ஆயிலை வெளியே விடுவது. இரண்டையும் சேர்த்தால் பக்கவாட்டில் திருகு வைத்த கப்ளிங்தான் வரும், இந்த ஊசி வராது. விடையைப் பார்த்துவிட்டு விடுகதையை அவிழ்த்திருக்கிறேன்.

ஆனால் எனக்குத் தோன்றாததும் சாட்சியமாகாது. எனக்குச் சம்பளம் ஹோஸை மாட்டத்தான். ஆப்வியஸா என்று பார்க்க, சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு சொல்லும் 'துறை அறிந்தவர்' வேறு ஆள், அந்தத் துறையில் வெளியானதையெல்லாம் படித்தவர். பாத்திரம் கடையும் லேத் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம், வெறும் பட்டறை மேம்பாட்டுக்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும் என்றது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

மறுபடி தேடினேன். பிரஸ்களில் ஆயில் திரும்பி ஓடாமல் தடுத்து சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் பைலட் செக் வால்வு ஒன்று கிடைத்தது. பெரிய பாப்பெட்டுக்குள் சின்ன பந்து, பந்துதான் முதலில் திறக்கும். அழுத்தம் இடி மாதிரி இறங்காது, திறக்கும் விசையும் குறையும். அதே ஆயில், அதே தந்திரம். இது கப்ளிங் இல்லைதான். ஆனாலும் ஹைட்ராலிக்ஸ் படித்த எவருக்கும் கண்ணில் படும் இடம். டி2-ஐ எடுத்துவிட்டு இதை வைத்தேன்.

ஹியரிங்கில் எதிர்த்தரப்பு அசந்துவிடவில்லை. செக் வால்வு சேற்றில் புரளாது, கப்ளிங் புரளும் என்றார்கள். ஊசி முனையைச் சுற்றி மண்ணை வழித்துவிடும் சிறு சீல் ஒன்று அவர்கள் வரைபடத்தில் இருந்தது. எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் முதல் க்ளெய்மை அதற்குள் சுருக்கிக்கொண்டார்கள். அந்த சீலுக்கு எதிராக எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. காப்புரிமை கிடைத்துவிட்டது.

கிளையன்ட் போனில் பொரிந்து தள்ளினார்: "ஒரு சீலுக்குப் போய் பேட்டன்ட்டா சார்? இது யாருக்குத்தான் தெரியாது?"

நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் தேடினேன் என்றேன்.