மாங்காவின் காதல் நாயகன் ஒக்கிதா சோஜியைத் தேடி: கியோட்டோவில் ஒரு மிபு நடை

ஷின்செங்குமி, 1863-ல் கியோட்டோவில் உருவாகி ஷோகுன் (ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்) ஆட்சிக்காக நகரைக் காவல் காத்த வாள்படை. வெட்டுவதற்குத் தயங்காத கூட்டம். வதனபே தாயேகோவின் 'காஸே ஹிகாரு' மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை; 1997–2020, 45 தொகுதிகள்) அதே படைதான் காதல் கலாட்டாவின் களம். ஆண்வேடத்தில் படையில் சேரும் ஒரு பெண், அந்தப் படையில் நிஜமாகவே இருந்த வாள்வீரர் ஒக்கிதா சோஜியிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். கதை தொடங்கும் இடங்கள் மிபு பேட்டைக்குள் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன.

கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து 26 அல்லது 28-ம் எண் நகரப் பேருந்தில் ஏறி மிபுதேரா-மிச்சி நிறுத்தத்தில் இறங்கலாம். ஹான்க்யூ ரயில் என்றால் ஓமியா நிலையம். அதற்கு முந்தைய கராசுமா நிலையத்தில் அவசரப்பட்டு அதிவிரைவு வண்டியில் ஏறினால் ஓமியாவில் நிற்காது, கத்சுராவில் கொண்டுபோய் விட்டுவிடும். அடுத்து வரும் சாதாரண வண்டியில் ஏறுங்கள், ஒரே ஸ்டாப்.

முதலில் யாகி வீடு. படையினர் வந்து தங்கிய ஊர்ப் பெரிய மனிதரின் வீடு இது. டீயும் மோச்சியும் (அரிசி மாவுப் பலகாரம்) சேர்த்து நுழைவுக் கட்டணம் 1,000 யென்னுக்குச் சற்று மேலே. உள்ளே படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டியின் விளக்கம் ஜப்பானிய மொழியில் என்பதால், கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் காசுக்குப் பலன்.

பார்க்க வேண்டியது அறைகளை. நெருக்கிப் போட்ட பாய்கள், காகிதம் ஒட்டிய கதவுகள், பக்கத்து அறையில் யாராவது புரண்டாலும் கேட்டுவிடும். இந்த மாதிரி இடத்தில் ஒரு பெண் பெண்ணென்று தெரியாமல் குளிப்பது எப்படி, உடை மாற்றுவது எப்படி என்பதில்தான் மாங்காவின் பாதிச் சிரிப்பு. நாயகிக்கு நடு மண்டையை மழித்து, முன்னுச்சி முடியை மட்டும் விட்டு, அக்காலத்து இளம்பையன்களின் தலையலங்காரத்தைக் கொடுத்திருக்கிறார் வதனபே. அழகுக்காக வரலாற்றை விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை மெச்சலாம்.

இதே வீட்டில் 1863 இலையுதிர் காலத்தில், மழை கொட்டிய இரவில், படைத் தலைவர்களில் ஒருவரான செரிசாவா கமோவைச் சொந்தப் படையினரே வெட்டிக் கொன்றார்கள். ஒக்கிதாவும் அதில் இருந்ததாகவே சொல்லப்படுகிறது. செரிசாவாவுடன் படுத்திருந்த ஒஉமே என்ற பெண்ணும் தப்பவில்லை. கதவின் மேல்சட்டத்தில் வாள் பட்ட வெட்டு இன்னும் இருக்கிறது. தாழ்ந்த சட்டத்துக்குக் கீழே நீண்ட வாளைத் தலைக்கு மேல் ஓங்கினால் மரத்தில்தான் போய் விழும். அண்ணாந்து பார்க்காவிட்டால் கண்ணில் படாது. செரிசாவா தடுக்கி விழுந்ததாகச் சொல்லும் குட்டி மேசையும் அங்கேயே இருக்கிறது.

எதிர்ப்புறத்து மாயெகாவா வீட்டில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது மரியாதை.

சில எட்டுகளில் மிபு கோயில். இதன் முற்றத்தில் ஒக்கிதா தெருப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடியதை யாகி வீட்டுப் பையன் தமெசபுரோ முதிய வயதில் நினைவுகூர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. மாங்காவின் வெகுளி ஒக்கிதா முளைத்தது இங்கேதான். ஆனால் அதே நினைவுகளில் அவர் நெட்டையாய், தோள் புடைத்து, கறுத்த மேனியோடு வருகிறார். நம்பத்தக்க புகைப்படம் எதுவும் இல்லாதது ஓவியர்களுக்கு வசதியாகப் போயிற்று; வெள்ளை வெளேரென்ற ஒல்லிப் பையனாக்கிவிட்டார்கள். படையின் துணைத் தலைவர் ஹிஜிகாதாவிடம் அந்தச் சலுகை செல்லாது. அவருக்குப் புகைப்படம் உண்டு, ஆள் அதிலேயே கதாநாயகன் மாதிரிதான் இருக்கிறார்!

ஓவியங்களில் எந்நாளும் பறக்கும் படையின் வெளிர்நீல அங்கியும் ஏறத்தாழ ஓராண்டுதான் புழக்கத்தில் இருந்தது.

தெற்கே இருபது நிமிடம் நடந்தால் ஷிமாபாரா, பழைய கேளிக்கைப் பேட்டை. கொலை நடந்த இரவில் செரிசாவா குடித்துவிட்டு வந்த சுமியா விருந்தில்லம் அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. கோடை உச்சியிலும் குளிர்காலத்திலும் மூடிவிடுவார்கள், மேல்மாடிக்குத் தனி முன்பதிவு வேண்டும். தேதியைப் பார்க்காமல் கிளம்பினால் பூட்டைத்தான் பார்க்க நேரும்.

மாலைக்கு இகெதாயா. 1864-ல் ஷின்செங்குமி புகுந்து தாக்கிய சத்திரம் சான்ஜோ தெருவில் இருந்தது. இப்போது ஒரு கல்வெட்டும், அதே பெயரைத் தாங்கிய மதுவிடுதியும்தான். சண்டை நடுவே ஒக்கிதா ரத்தம் கக்கிச் சரிவது கதைகளுக்குப் பிடித்த காட்சி. அவர் காசநோயில் இறந்தது 1868-ல். அதுவரை இடையில் பணியிலும் இருந்தார் என்பதால், அன்று வெயில் காலப் புழுக்கத்தில் மயங்கியிருப்பார் என்ற கருத்தே பொருந்துகிறது. விடுதியில் உட்கார்ந்தால், கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வந்து பில்லில் ஏறலாம். ஜப்பானிய மதுவிடுதிகளில் அது வழக்கம், சண்டைக்குப் போக வேண்டாம்.