வீராணம் பாசனத்தில் பொன்னத்தை நுழைந்தால்

புதுச்சேரியின் அலங்கார மீன் கடைகளில், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் மஞ்சள் நத்தைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். கடைகளில் இப்படி விற்கப்படும் தென்னமெரிக்க இனங்களுள் ஒன்று பொமேசியா டிஃபியூசா. அதனால் பெரிய கேடில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த பொமேசியா கனாலிகுலேட்டா என்ற பொன்னத்தைதான் நெல்லுக்கு எமன். ஆகவே ஆபத்தை மதிப்பிட வருபவர் முதலில் ஓட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கனாலிகுலேட்டாவில் சுருளும் சுருளும் சேருமிடம் வாய்க்கால்போல் ஆழமாகக் குழிந்திருக்கும். டிஃபியூசாவில் சுருளின் மேற்பகுதியான தோள் தட்டையாக, ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்கும்.

1980ஐ ஒட்டி உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோகப்பட்ட கனாலிகுலேட்டா, விலைபோகாமல் நீர்நிலைகளில் விடப்பட்டுப் பரவியது; பிலிப்பைன்ஸிலும் வியட்நாமிலும் அது இளநாற்றைத் தின்று தீர்த்த கதை வேளாண் துறையினர் அறிந்ததே. அயல் உயிரி ஒன்றின் ஆபத்தை வருகை, நிலைபெறுதல், பரவல், பாதிப்பு என்று பிரித்து, மதிப்பீட்டாளர்கள் படிக்குப் படி மதிப்பெண் இடுவார்கள்; அவற்றுள் நிலைபெறுதலில் நம் வீராணம் பகுதி முழு மதிப்பெண் வாங்கிவிடும் என்பது என் கணிப்பு. கோடையில் ஏரி வற்றினால் நத்தை செத்துவிடும் என்று நம்புவது வீண். செவுளும் நுரையீரலும் ஒருங்கே உள்ள இது, மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். நம் ஊர் நத்தை செய்வதும் அதுதானே!

பாதிப்பைப் பொறுத்தவரை, நாற்று இளசாக இருக்கும்வரை வயலில் நீரைக் குறைத்து வைப்பதே வழக்கமான தற்காப்பு. நீர் ஆழம் குறைந்தால் நத்தையால் நகர்ந்து மேய இயலாது. ஆனால் வீராணம் பாசனம் பெறும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளின் தாழ்வான வயல்களில், ஐப்பசி மழை கொட்டும்போது நீரை வடிப்பதே பெரும்பாடு என்பதால், அந்த ஆலோசனை இங்கே ஏட்டுச் சுரைக்காய்தான். நத்தைகுத்தி நாரை இதைத் தின்னும், தாய்லாந்தில் தின்கிறது. எனினும் அதை நம்பி மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டேன்.

ஆகவே தடுக்கக்கூடிய படி வருகை ஒன்றே. மதகுச் சுவரிலோ கோரைத் தண்டிலோ, நீர்மட்டத்துக்கு மேலே பளிச்சென்ற இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தென்பட்டால் படமெடுத்து வேளாண் அலுவலகத்தில் காட்டுங்கள். நம் நத்தை வெள்ளை முட்டைகளைக் கரை மண்ணில் இடும். வேண்டாத தொட்டி நத்தையைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.